நாற்பத்தொன்றாம் எண் சட்டைக்குள் இருந்தவர்

லெக்கோ நகர் கராபினியேரி காவல் நிலையத்தில், 1909 அக்டோபர் 14 வியாழக்கிழமை முற்பகல், நிலைய அதிகாரி முன்பாக எர்சிலியா ரவாசியோ தாமாகவே வந்து கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் எர்சிலியா. வயது இருபத்தேழு. கணவர் பெயர் நத்தாலே ரவாசியோ. மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில், கயிறு வியாபாரியின் வீட்டு மூன்றாம் மாடியில் குடியிருந்து வருகிறோம். நான் ஏரிக்கரையில் சலவைத் தொழில் செய்கிறேன். என் கணவர் கொத்தனார். கொத்து வேலை இல்லாத மாதங்களில் சாலைச் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுவார். மூன்று வருடமாக அதுவே பிரதான வேலையாகி, கொத்து வேலை இரண்டாம் வேலை ஆகிவிட்டது. எந்தச் சைக்கிள் கம்பெனியும் அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே டயர் கிழிந்தாலும் சாப்பாடு தீர்ந்தாலும் வழியில் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

குவிரினோ வல்செக்கி என்பவரை எனக்கு முன்பின் தெரியாது. ஆனால் பெயர் தெரியும். அவரும் கம்பெனி இல்லாமல் தனியாக ஓட்டுகிறவர். எந்தப் பந்தயத்திலும் என் கணவருக்கு அடுத்தோ அல்லது என் கணவர் அவருக்கு அடுத்தோதான் வருவது வழக்கம். வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது என் கணவர் கழுதை என்றுதான் சொல்வார். கோபமாகச் சொல்கிறாரா வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

கடந்த சனிக்கிழமை என் கணவர் ரயிலில் மிலானோவுக்குப் புறப்பட்டார். மறுநாள் காலை அங்கே தொடங்கும் பந்தயம் மலைகளைச் சுற்றி, சான் தெயோதோரோ கணவாயில் ஏறி இறங்கி, எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் முடிவதாக இருந்தது. சொந்த ஊரில் முடிகிற பந்தயம் அவருக்கு அதுதான் முதல் தடவை. படியிறங்கும்போது, "முடியற கோட்டுக்குப் பக்கத்துல நில்லு. நீ நிக்கிற இடத்தை நினைச்சுத்தான் மிதிப்பேன். வேடிக்கை பாக்க எங்கயும் போயிடாத" என்று சொன்னார். நான் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மழை. நான் துண்டும், முட்டையும் ஒயினும் சர்க்கரையும் சேர்த்து அடித்து ஊற்றிய பாட்டிலும் எடுத்துக்கொண்டு மதியத்திலிருந்து சதுக்கத்தில் நின்றிருந்தேன். கணவாயிலிருந்து தந்தி வந்ததாகச் சொல்லிப் பந்தயக் கமிட்டியின் தலைவர் காம்பிராசியோ என்பவர் மேடையில் ஏறி, நாற்பத்தொன்றாம் எண்ணும் பதினேழாம் எண்ணும் சேர்ந்தாற்போல உச்சியைக் கடந்துவிட்டார்கள், மற்றவர்கள் வெகு தூரம் பின்னால் இருக்கிறார்கள் என்று அறிவித்தார். நாற்பத்தொன்று என் கணவருடைய எண். பதினேழு வல்செக்கி என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு வெகு நேரம் தகவல் இல்லை. வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். கணவாயில் மூன்றாவதாக ஏறியவரே முந்திவிடுவார் போலிருக்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு பாலத்துப் பக்கமிருந்து சத்தம் எழும்பியது. ஒரே ஒருவர் வந்தார். தலைமுதல் கால்வரை சேறு. முகம் என்று ஒன்று இல்லை, தூசிக் கண்ணாடியின் இரண்டு வட்டங்கள் மட்டும் தெரிந்தன. சட்டைக் கையில் தைத்த பட்டியில் நாற்பத்தொன்று என்பதை நான் பார்த்தேன். சைக்கிள் என் கணவருடையதுதான், கைப்பிடியில் நான் சுற்றிக் கொடுத்த நீலத் துணி இருந்தது. உள்ளூர்க்காரர் என்பதால் ஜனங்கள், "ரவாசியோ! நம்ம நத்தாலே!" என்று கத்தினார்கள். அவர் கோட்டைத் தாண்டிச் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். நான் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

அவர் சற்று நேரம் கை இரண்டையும் தொங்கவிட்டபடி நின்றார். பிறகு என் முதுகில் கையை வைத்தார். "அடி பட்டிருக்கா? எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அவர் உடம்பு நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். பாட்டிலைக் கொடுத்தேன், ஒரே மூச்சில் முழுவதையும் குடித்துவிட்டார். என் கணவர் எப்போதும் கடைசி வாயை எனக்கு வைப்பார். தாகம் அதிகம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அதன் பிறகு காம்பிராசியோ அவர் கையைத் தூக்கிப் பிடித்தார். வாத்தியம் வாசித்து, மாலை போட்டு, மேசையில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து கோணலாக விழுந்தது. விரல் மரத்துப் போயிருக்கும் என்று நடுவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதன் பிறகு சதுக்கத்து ஓட்டலின் பின்னறையில், வெந்நீர் ஊற்றிய செப்புத் தொட்டி வைத்திருந்த இடத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொல்லும்படி அவர் கையால் காட்டினார். நான் கதவைச் சாத்தினேன். முதலில் கழுத்தைக் கழுவினேன். என் கணவருக்கு இடது காதுக்குக் கீழே சுண்ணாம்பு பட்டு வெந்த தழும்பு ஒன்று உண்டு. அது தெரியவில்லை. சேறு இன்னும் போகவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தோல் சிவந்தது, தழும்பு வரவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தழும்பு வலது பக்கமோ என்று அந்தப் பக்கமும் தேய்த்துப் பார்த்தேன். கல்யாணமாகி ஆறு வருடம் ஆன பிறகு அது எந்தப் பக்கம் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது என் கணவர் இல்லை. அவர் மெதுவாக, "சிட்டு, கத்தாதீங்க. தயவுசெஞ்சு கத்தாதீங்க" என்றார்.

சிட்டு என்பது வீட்டுக்குள் என் கணவர் மட்டும் என்னை அழைக்கும் பெயர். என் தாயாருக்குக்கூடத் தெரியாது. அதை ஒரு வேற்று ஆள் வாயிலிருந்து கேட்டதும் நான் கத்தினேன். அவர் முகத்தைப் பார்த்து அல்ல, அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கத்தினேன் என்பதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு கதவை உடைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். "இது வல்செக்கிடா! ரவாசியோவை என்னடா பண்ணே? கொன்னு போட்டியா?" என்று கேட்டு அடித்தார்கள். யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல இயலாது. ஒருவர் கையில் காற்றடிக்கும் பம்பு இருந்தது. வல்செக்கி தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. "அண்ணி, கணவாய்க்குக் கீழ ரோட்டு வேலைக்காரன் குடிசை இருக்கில்ல, மாதா சிலைக்குப் பக்கத்துல, அங்க இருக்காரு, உயிரோட இருக்காரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இரைச்சலில் அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. என் காதில் விழுந்தது. பிறகு காவலர்கள் வந்து அவரை அழைத்துச் சென்றார்கள்.

நான் காம்பிராசியோவிடம் கமிட்டியின் மோட்டார் வண்டியைக் கேட்டேன். "கொஞ்சம் பொறும்மா, யாரு ஜெயிச்சாங்கன்னே இங்க தெரியல, பேப்பர்காரங்க உயிரை வாங்கறாங்க" என்றார். ரொட்டிக்கடைக்காரரின் கோவேறு கழுதை வண்டியில் ஏறிக் கணவாய்ச் சாலையில் போனேன். பந்தயத்தில் மிச்சமிருந்தவர்கள் எதிரே ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சேறாக இருந்தார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்தி முகத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

பாதி வழியில் எதிரே கல் ஏற்றும் வண்டி ஒன்று வந்தது. ரோட்டு வேலைக்காரர் ஓட்டி வந்தார். வைக்கோல்மேல் ஒருவர் கிடந்தார், பதினேழாம் எண் சட்டை போட்டிருந்தார். ரோட்டு வேலைக்காரர் என்னைப் பார்த்து, "வல்செக்கியோட சம்சாரமாம்மா நீ? பயப்படாத, காரை எலும்புதான் போயிருக்கு, தலையிலயும் கொஞ்சம் அடி" என்றார். நான் இல்லை என்று சொல்வதற்குள் கிடந்தவர் தலையைத் தூக்கி, "நீ ஏன்டி இங்க நிக்கற? கோட்டுக்கிட்ட இல்ல நிக்கச் சொன்னேன்?" என்றார். அவர் என் கணவர். இடது காதுக்குக் கீழே தழும்பு இருந்தது.

வழியில் ரோட்டு வேலைக்காரர் சொன்னதாவது: இரண்டு பேர் வந்தார்கள், ஒருவரை இன்னொருவர் மூட்டை போல முதுகில் சுமந்து வந்தார். குடிசை வாசலில் ஒருவர் தம் சட்டையைக் கழற்றி மற்றவர் மூஞ்சியில் அடித்து, "போட்டுக்கடா கழுதை! எடுத்துக்கிட்டு போடா, போ!" என்று கத்தினார். மற்றவர் முடியாது முடியாது என்று அழுதார், பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சண்டையா என்று நான் கேட்டதற்கு, "சண்டையா பாசமான்னு எனக்கென்னம்மா தெரியும்? ரெண்டும் சேத்துல பெரண்ட பன்னி மாதிரி இருந்துச்சுங்க. எது அடிபட்டது, எது அடிச்சதுன்னே புரியல" என்றார். அவருக்கு ஒரு காது கேட்காது என்பதையும் அவரே சொன்னார்.

என் கணவரைக் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை தெளிவாகப் பேசினார், என் பெயர் சொன்னார், சோளக் களி கேட்டார். ஆனால் கணவாய் உச்சிக்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. திங்கட்கிழமைப் பத்திரிகை, ஞாயிறு மாலையே அச்சுக்குப் போனது போலும், ரவாசியோ வென்றதாகவும், சலவைக்கார மனைவி ஓடிவந்து தழுவிக்கொண்டதாகவும் போட்டிருந்தது. அடுத்த கட்டிலில் இருந்த நோயாளி ஒருவருக்குக் கன்னியாஸ்திரி அதை வாசித்திருக்கிறார். நான் உள்ளே போனபோது என் கணவர், "நம்ம ஊர்லயே ஜெயிச்சேன் பாத்தியா! நீ கயித்துக்கு அடியில பூந்து ஓடி வந்தியே, எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஈர சோப்பு வாசனை அடிச்சுது உன் மேல" என்றார். அதில் சோப்பு வாசனை பத்திரிகையில் இல்லை. கயிற்றுக்கு அடியில் நுழைந்ததும் பத்திரிகையில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவர் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல, இருந்தார் போலவே எனக்கும் தோன்றியது. டாக்டர் வாசலில் என்னை நிறுத்தி, "இப்போதைக்கு மறுத்துப் பேசாதம்மா, தலை குழம்பியிருக்கு, பதற வைக்கக் கூடாது" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை இந்த நிலையத்திலிருந்து ஆள் வந்து, வல்செக்கியை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். அவர் முன்பற்கள் போயிருந்தன. காவலர் அனுமதித்ததால் கம்பிக்கு வெளியே நின்று பேசினேன். அவர் முதலில், "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டார். நான், சிட்டு என்ற பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதாவது: இறக்கத்தில் சேர்ந்து வருகையில் ஈரக் கல்லில் சறுக்கி இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். இவருடைய சைக்கிளில் முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை முறிந்துவிட்டது. என் கணவருடைய சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவரால் எழ முடியவில்லை. இவர் அவரைத் தூக்கிச் சுமந்து குடிசைக்குக் கொண்டு போனார். பந்தயம் தொடங்குமுன் ஒவ்வொரு சைக்கிளிலும் அவரவர் எண் போட்டு ஈய முத்திரை வைக்கிறார்கள், மற்றவர் சைக்கிளை ஓட்டினால் கணக்கில் வராது. ஆகவே என் கணவர் சைக்கிளில் இவர் போவதென்றால் என் கணவர் போலத்தான் போக வேண்டும்.

"நான் எவ்வளவோ மாட்டேன்னேன் அண்ணி. கேக்கலையே மனுஷன். 'அவ மழையில நின்னுக்கிட்டிருப்பாடா, நாற்பத்தொண்ணு வரலைன்னா பைத்தியமாயிடுவா, நீ போய் சிட்டுன்னு சொல்லு, நான் நல்லா இருக்கேன்னு புரிஞ்சுக்குவா'ன்னாரு. உடம்பைக் கழுவின உடனே பின்வாசல் வழியா போய் அவரை வண்டியில கொண்டாந்து படுக்க வெச்சிடலாம், சேத்துல யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா முட்டாள்தனமா இருக்கு. அப்ப தோணல."

ஏன் கோட்டருகிலேயே என் காதில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சொல்லத்தான் வந்தேன். நீங்க ஓடி வந்து கட்டிப்பிடிச்சிட்டீங்க. எத்தனை பந்தயம் ஓட்டியிருக்கேன், எனக்கு யாரும் அப்படி வந்து நின்னதில்ல. வாய் வரல அண்ணி" என்றார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று துவைக்க வந்த துணிகளை ஊறப்போட்டேனோ, இல்லையோ, நினைவில்லை.

நேற்று புதன்கிழமை காம்பிராசியோ ஆஸ்பத்திரிக்கு ஒரு தாள் கொண்டுவந்தார். வல்செக்கி என் கணவரை அடித்துப் போட்டுவிட்டுச் சட்டையையும் சைக்கிளையும் பறித்துக்கொண்டு போனார் என்று அதில் புகார் எழுதியிருந்தது. என் கணவர் அதைப் படித்து, "என்ன ஐயா உளறல்? என் சைக்கிளை ஓட்டிக்கிட்டு வந்து ஜெயிச்சவனே நான்தான். எங்கிட்ட வந்து கழுதை திருடிட்டான்னு கையெழுத்து கேக்கறீங்க?" என்று தள்ளிவிட்டார். அதன் பிறகு காம்பிராசியோ என்னைத் தனியே அழைத்து, "இங்க பாரும்மா. பறிச்சுட்டுப் போனான்னா குத்தம் அவன் ஒருத்தன் தலையோட போகும், உன் வீட்டுக்காரர் குணமாகி வசந்தத்துல மறுபடி ஓட்டலாம். இவரே கொடுத்தார்னா ரெண்டு பேரும் ஏமாத்தினதா ஆகும், ஆயுசுக்கும் தடை. அவருக்குத்தான் புத்தி தெளியல, நீ போடு" என்று சொல்லித் தாளை என் கையில் கொடுத்தார். காரை எலும்பு கூடிவிடும், மறுபடி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

அந்தத் தாளில் நான் கையெழுத்திடவில்லை. அடித்துப் பறிக்கிறவனிடம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அடிபட்ட தலையோடு என் கணவர் சட்டையையும் சைக்கிளையும் தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்பது எனக்கு விளங்கவில்லை. வல்செக்கி சரியானதைச் செய்தாரா என்பதும் விளங்கவில்லை. அவர் கொடுத்தார், இவர் பறிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இன்று காலை இங்கே வருமுன், டாக்டரைக் கேட்காமலே, என் கணவரிடம் உள்ளதைச் சொன்னேன். "நீங்க ஜெயிக்கலங்க. கணவாய்க்குக் கீழ விழுந்துட்டீங்க. உங்க சட்டையில வந்தது குவிரினோ" என்றேன். அவர் நம்பவில்லை. "போடி" என்றார். பிறகு காரை எலும்புக் கட்டைத் தடவிப் பார்த்தார். "முதலாவதாவா வந்தான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தனியாவா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் மிதிச்சிருக்கான் கழுதை" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஸ்டேஷனுக்குப் போய் நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று சொல்லப் போகிறேன், அதனால் இனி ஓட்ட முடியாமல் போகும் என்றேன். நான் எழுந்து கதவருகே வந்த பிறகு கூப்பிட்டார்.

"அப்ப நீ யாரைக் கட்டிப்பிடிச்சே?" என்று கேட்டார்.

"உங்களைத்தான்" என்றேன்.

அதிகாரி கேட்டதன்பேரில் சொல்வது: ஞாயிற்றுக்கிழமை பந்தயக் கோட்டில் நான் தழுவிக்கொண்டவர் இந்த நிலையத்துக் காவலில் உள்ள குவிரினோ வல்செக்கிதான். நான் என் கணவரிடம் சொன்ன பதிலும் பொய் இல்லை. இரண்டில் எதை எழுதிக்கொள்வது என்று அதிகாரி கேட்கிறார். இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியுள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, என் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் உண்மை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னேன் என்பதற்கு என் கையெழுத்து.

(ஒப்பம்) எர்சிலியா ரவாசியோ